சல்வாசியோன் மூட்டிய அடுப்பு

எரிமலை புகையத் தொடங்கியதுமே அடிவாரத்து ஊர்களை ராணுவம் காலி பண்ணிவிட்டது. சல்வாசியோனும் அவள் புருஷன் எக்மிடியோவும் கீழே பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பறையில் பல குடும்பங்களோடு அடைந்து கிடந்தார்கள். தூங்கினாலும் நாலு பேர் பார்வையில், தின்றாலும் நாலு பேர் பார்வையில். அதைவிட அவளை அரித்த கவலை, வீட்டில் விட்டுவந்த சினைப் பன்றி. போகவே கூடாது என்று எக்மிடியோ கறாராகச் சொல்லியிருந்தான். அவன் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற நேரமாகப் பார்த்து, காவல் சாவடியைச் சுற்றிக்கொண்டு, வறண்ட ஓடை வழியாக மேலே ஏறிவிட்டாள்.

பன்றி உயிரோடுதான் இருந்தது. தவிட்டைக் கரைத்து ஊற்றினாள். வந்த வேலை முடிந்தது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அடுப்படியில் கட்டித் தொங்கவிட்ட காய்ந்த சேம்பிலைகள் கண்ணில் பட்டுவிட்டன. மூலையில் தேங்காயும் கிடந்தது.

அடுப்பை மூட்டினால் புகை கீழே தெரியும். தெரிந்தேதான் மூட்டினாள். ஒரு பக்கம் சோறு வைத்தாள். மறுபக்கம் தேங்காய்ப்பாலில் இஞ்சியும் மிளகாயும் தட்டிப் போட்டு இலைகளை அமுக்கினாள். லாயிங் என்கிற இந்தச் சேம்பிலைக் கூட்டு அவசரப்பட்டால் ஆகாது. பால் வற்றும்வரை கரண்டி போடக்கூடாது, போட்டால் தொண்டை அரிக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாள். மலை உறுமியது. அலமாரியில் தட்டுகள் கிலுகிலுத்தன. கூரைத் தகரத்தில் மணல் கொட்டுவதுபோல் சாம்பல் விழுந்தது. கிளம்பிவிட எழுந்தவள், சட்டியில் எண்ணெய் பிரிந்து வாசனை கிளம்பவும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

சுடுசோற்றில் பிசைந்து வாயில் வைத்தாள். இலை வெண்ணெயாகக் கரைந்தது. காரம் மெல்ல ஏறியது. யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் பங்கு வைக்க வேண்டியதில்லை. ஏனென்று தெரியாமல் கண்ணில் நீர் வந்தது. இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள்.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. சாவடிக் காவலுக்கு நிற்கும் பன்ஃபிலோ, பக்கத்துத் தெருக்காரன்.

"என்னக்கா பண்றீங்க?"

"பாத்தா தெரியல? சாப்பிடறேன்."

"மலை பொங்கப் போவுது, உங்களுக்கு விருந்து கேக்குதா? எந்திரிங்க."

"இந்த ஒரு கை. அப்புறம் கட்டித் தூக்கிட்டுப் போ."

அவன் திரும்பி மலையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகம் வெளுப்பதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிப் பன்றிப் பட்டியைத் திறந்தாள். வந்த பழக்கத்தில் ஓடைப் பக்கம் திரும்பியவளின் முழங்கையைப் பிடித்து இழுத்து, அவன் வண்டியில் ஏற்றினான்.

தார் ரோட்டின் வளைவைத் தாண்டவில்லை, பின்னால் ஒரு இரைச்சல். சாம்பல் நிறத்தில் கொதிக்கும் மேகமொன்று ஓடையை அடைத்துக்கொண்டு உருண்டு இறங்கியது. கரையோர மூங்கில்கள் நின்ற இடத்திலேயே பற்றி எரிந்தன. சாப்பிடாமல் கிளம்பியிருந்தால் அந்நேரம் அவள் அதற்குள்தான் நடந்துகொண்டிருப்பாள். பன்ஃபிலோவின் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

பள்ளிக்கூட வாசலில் எக்மிடியோ நின்றிருந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தரையில் சரிந்து உட்கார்ந்தான்.

"பன்னி?" என்றான்.

"தெறந்து விட்டுட்டேன். எந்தப் பக்கம் ஓடிச்சோ."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

அவள் மணிக்கட்டைப் பிடித்தவன், இருட்டும்வரை விடவேயில்லை.