லெர்காவின் சமையலறையில் நாற்பத்தைந்து நிமிடம்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குக் காபி குடிக்கப் போன இடத்தில் கிடைத்தது. இதில் நடந்த குற்றத்திலும் எனக்குப் பங்குண்டு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "திராவா நதியின் மேல் பனிமூட்டம் படர்ந்திருந்த ஒரு காலையில்—"

வேண்டாம். லெர்காவின் ஜன்னலிலிருந்து நதியே தெரியாது. எதிர்வீட்டுக்காரரின் துணிக்கொடிதான் தெரியும்.

அடுத்து: "பாவம் லெர்கா, ஐம்பத்தெட்டு வயது, வலிப்பு நோய்க்காரி—" இதை அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

"பாவமாம்ல! சாவி யார்கிட்ட இருக்குன்னு பாருங்க எழுத்தாளரே," என்று கழுத்தில் தொங்கிய வீட்டுச் சாவியை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

2.

லெர்கா முப்பத்தொரு வருடம் பராமரிப்பு இல்லத்தில், அறைக்கு ஆறு பேரில் ஒருத்தியாக இருந்தவள். அங்கே கதவைப் பூட்டுவதும் திறப்பதும் அடுத்தவர் வேலை. இரண்டு வருடமாக ஒசியெக் நகரில் தனிக் குடித்தனம். காலையில் உதவியாளர் திஹானா வந்து மாத்திரையைச் சரிபார்ப்பாள். மீதி நேரத்துக்குச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. பகலில் நாற்பத்தைந்து நிமிடம் யாரும் எழுந்து நடமாடாவிட்டால், ஆள் விழுந்துவிட்டாள் என்று அதுவே முடிவுகட்டி அலறும்.

(ஓரத்தில் ஒரு குறிப்பு: பெட்டியைச் செய்த ஊரில் காபியை நின்றபடியே குடிப்பார்களாம். இங்கே சின்னக் கோப்பை ஒன்றுக்கு இரண்டு மணி நேரம்.)

மூன்று முறை அலறிவிட்டது. மூன்று முறையும் எதிரே கோப்பையோடு உட்கார்ந்திருந்தவன் மேல்மாடிக்காரனான நான். மூன்றாம் முறை திஹானா சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, இன்னொரு தடவை அடிச்சா, எந்நேரமும் ஆள் காவல் இருக்கிற வீட்டுக்கு உங்கள மாத்திடுவாங்க. நடுவுல எந்திரிச்சு ரெண்டு எட்டு நடந்தா என்ன?"

"வந்தவரு உக்காந்திருக்கறப்ப நான் எந்திரிச்சா, கெளம்புங்கன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா புள்ள?"

"அப்ப சீக்கிரம் குடிங்க."

"சீக்கிரம் குடிக்கத் தண்ணி இருக்கு. இது காபி."

3.

லெர்காவைத் தனியே விடலாமா என்று முடிவெடுக்க, வெள்ளிக்கிழமை அதிகாரி வுகெலிச் அம்மாள் வந்தார். (இவரைக் கொடுமைக்காரியாக்கிவிடலாம் என்று மூக்குக்கண்ணாடி, மெல்லிய உதடு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். வந்தவர் தன் மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கொடுமைக்காரி வேலை கைமாறிவிட்டது.)

"காபி வேணாம்மா. சரி, ஒரு வாய். அஞ்சே நிமிஷம்," என்று உட்கார்ந்தார். பிறகு, "கோஸ் உருண்டைக்குப் புகைபோட்ட கறியே சேர்க்க மாட்டேங்கறா. நீங்களே சொல்லுங்க, அது உருண்டையா?"

"அடக் கடவுளே! அப்புறம்?" என்றாள் லெர்கா.

மேஜையைச் சுற்றி ஐந்து நாற்காலி. அதிகாரி, லெர்கா, திஹானா, நான், யாரும் எழவில்லை. நாற்பத்துமூன்றாவது நிமிடம் பெட்டியில் மஞ்சள் விளக்கு மினுங்கத் தொடங்கியது. அதிகாரி அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். திஹானா நகத்தைக் கடித்தாள்.

4.

முடிவு ஒன்று: லெர்கா எழுந்து ஜன்னலைச் சாத்துகிறாள். ஜன்னல் காற்றுப் பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்பது இங்கே பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அதற்காக எழுந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். சாவி பிழைக்கும், அடுத்த விருந்தாளி வரும்வரை.

முடிவு இரண்டு: பெட்டி அலறுகிறது. பெட்டியின் கணக்கில், விழாத அதிகாரியே விழுந்தவராகிறார். சிரித்துவிட்டுப் பெட்டியை மாற்றச் சொல்வாரா, நான்காம் அலறல் என்று எழுதிக்கொள்வாரா, எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. அதனால் முதல் முடிவை எழுதிவிடலாம் என்று, ஜன்னலைப் பார் என லெர்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சாவியைக் கழற்றி மேஜைமேல் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"அப்புறம் உங்க மருமக என்ன சொன்னா?"

இனி என் கையில் ஒன்றுமில்லை. இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. இவ்வளவு நேரமாக அந்த ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். எழுந்து ரெண்டு எட்டு நடந்து அவளைக் காப்பாற்றலாமா என்று உங்களுக்குத் தோன்றும். செய்துவிடாதீர்கள். காபி பிடிக்கவில்லை போல என்று லெர்கா நினைத்துக்கொள்வாள்.