வெள்ளைத் துணி கட்டியவர்

நாங்கள் பத்துப் பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு, மூடிக்கிடக்கும் பிஸ்கட் கிடங்கில், காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை 'ஏழு கிணற்று நாடு' ஆடுவோம். ஆளுக்கொரு வேடம், பஞ்சு அடைத்த வாள், ஒரு பகல் முழுக்க வேறொரு வாழ்க்கை. அந்த நாட்டின் வரலாறு, சட்டம், சாபம் எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டு இரவு வேலைக்குப் போனவன் நான். முழுசாக முடித்த ஒரே காரியம் அந்த நோட்டுதான்.

அதில் ஒரு விதி உண்டு. செத்தவர் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொள்ள வேண்டும். மாலை மணி அடிக்கும் வரை உயிரோடிருப்பவர் கண்ணுக்கு அவர் தெரியமாட்டார். அவர் குரல் கேட்காது. தொட்டாலும் உறைக்காது.

அக்காவும் அவள் புருஷனும் அந்தப் பத்துப் பேரில் உண்டு. மாமா லிஃப்ட் மெக்கானிக். வாய் சும்மா இருக்காது. போன மாதம் ஆட்டத்தில் செத்த பிறகும், "சாவி பானைக்குள்ள கெடக்கு. சொன்னதுக்கு ஒரு டீ குடுங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஆட்டத்தை நிறுத்தி, வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன்.

"செத்தவன் பேசுனா நாடே பொய்யாயிரும் மாமா. மதிக்க முடியலன்னா வராதீங்க."

அவர் முகம் சுருங்கிப்போனது. "சரி மாப்ள. இனிமே வாய்க்குப் பூட்டு."

"அந்தத் துணிய வீட்டுக்கும் குடுத்து விடுடா," என்றாள் அக்கா. "சத்தமாவது கொறையும்."

இந்த மாதம் பதினோரு மணிக்கு அவரை நான்தான் வெட்டினேன். துணியைக் கட்டிக்கொண்டு தூணோரம் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பார்த்தேன். பேயாக நடிக்கிறார், பரவாயில்லை, தேறிவிட்டார் என்று நினைத்தேன்.

எழுந்து வந்து என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். காற்றில் பட்டதுபோல உதறிவிட்டு நடந்தேன். அக்காவிடம் போனார். அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவளும் அவரைத் தாண்டி சுவரைப் பார்த்தாள்.

நிஜ ஆபத்து என்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். உடனே ஆட்டம் நிற்கும். அவர் வலது கையைத் தூக்கினார். இடது கை ஏறவில்லை. ஒரு கைக்கு நோட்டில் அர்த்தம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

முக்கால் மணி நேரம் போனது. கிணற்றுக் காவல்காரியாக ஆடும் தையல்காரம்மாதான், தூணடியில் சரிந்து கிடந்தவரின் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, "அண்ணே, என்ன பண்ணுது" என்று கேட்டார்.

பிழைத்துக்கொண்டார். இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் தப்பியிருக்கும் என்றார் டாக்டர். இனி லிஃப்ட் குழிக்குள் இறங்க முடியாது.

மூன்றாம் நாள் அவர் கட்டிலருகே போய் நின்றேன். வழியெல்லாம் மன்னிப்பைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"கடைசி வரைக்கும் வாயத் தொறக்கலல்ல மாப்ள. பாத்தியா."

குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அக்கா ஃபிளாஸ்கிலிருந்து டம்ளரில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டேன். காற்றில் பட்டதுபோல உதறினாள்.

"யார்கிட்ட பேசுறீங்க," என்று அவரைக் கேட்டாள். "இங்க யாரும் இல்லையே."