ஒரு வருடம் தாங்கும் மெழுகு

வாளியில் சோப்பைக் கலக்கியபோது நுரை மகளின் மணிக்கட்டு வரை ஏறியது. பாத்திரம் கழுவுகிற சோப்புதான். கார் ஷாம்பு போட்டால் அழுக்கு மட்டும் போகும், பழைய மெழுகு அப்படியே இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற சோப்புதான் வேண்டும் என்று அம்மா காலையில் கண்ணைத் திறந்ததுமே சொல்லியிருந்தாள். மகள் வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே வந்தாள். வீட்டுச் சுவரின் நிழலில் கருநீலக் கார் நின்றது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் குழாயால் அதை ஏற்கெனவே நனைத்திருந்தார்.

"இங்க வச்சிட்டுப் போ. நான் பார்த்துக்கறேன்."

"மேலேர்ந்து கீழ தேய்க்கணுமாம். ரூஃப்ல ஆரம்பிக்கச் சொன்னா."

"தெரியும். உங்கிட்ட ஒரு தடவைதான் சொல்லியிருப்பா. எங்கிட்ட விடிஞ்சதுலேர்ந்து சொல்லிட்டிருக்கா."

அவர் குரலில் எரிச்சல் இல்லை. அம்மாவுக்கு இன்னும் சொல்ல முடிகிறது என்பதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது போலத் தோன்றியது. மகள் உள்ளே போனாள்.

அம்மாவின் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் காரின் கூரையும் பின்கண்ணாடியில் ஒரு மூலையும் மட்டும் தெரியும். பானெட்டும் கதவுகளும் சுவருக்குக் கீழே மறைந்துவிடும். அம்மா அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அவள் காலடியில் உட்கார்ந்து, மடித்த துணிகளை மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள் மகளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், "இன்னிக்கு எல்லாரும் வீட்லயே இருங்கக்கா" என்று மட்டும் சொல்லியிருந்தாள். இவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அம்மா கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். அந்தப் பக்கத்தில் கார் ஓட்டுகிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் இந்தக் காரில்தான் கற்றுக்கொண்டார்கள். அதனால் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. குடும்பத்தோடு எங்காவது போகும்போது அம்மா ஓட்டுவாள். அந்தப் பக்கத்து சீட்டு அப்பாவுடையது. எதிரே ஒரு நாய் வந்தாலும், காற்றில் காகிதம் பறந்தாலும் அவர் கால் தானாக அந்தப் பிரேக்கை மிதித்துவிடும். "என் வண்டிக்கு ரெண்டு பிரேக்கு. ஒண்ணை நான் கட்டிக்கிட்டேன்" என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். அப்பாவுக்கும் ஓட்டச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். அவர் எதிர்வீட்டுத் தையல்காரரின் கேட்டைச் சாய்த்த பிறகு இருவரும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

போன வாரம்தான் அம்மா மெழுகு வாங்கிவரச் சொன்னாள். இரண்டு டப்பாக்களைக் கொண்டுவந்து மடியில் வைத்ததும், கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டையும் நிதானமாகப் படித்தாள். ஒன்று அவள் எப்போதும் பூசுவது. மரத்திலிருந்து எடுக்கிற மெழுகு. பூசினால் வண்ணத்துக்கு ஓர் ஆழம் வந்துவிடும், கிணற்றை எட்டிப் பார்ப்பது போல இருக்கும். ஆனால் இரண்டு மாதம்தான். இன்னொன்று ரசாயனத்தில் செய்தது. அதன் பளபளப்பில் கொஞ்சம் எவர்சில்வர்த்தனம் உண்டு. ஆனால் ஒரு வருடம் தாங்கும்.

அம்மா இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நீ எப்பவும் அதைத்தானே போடுவ?" என்றாள் மகள்.

"அது நான் இருக்கறப்போ." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதுக்கு அடிக்கடி அதோட உக்காரணும். உங்கப்பா உக்காருவாரா? அவருக்கு ஓட்டவும் தெரியாது, விக்கவும் மாட்டாரு. வெயில்லயும் மழையிலயும் சும்மா நிக்கப் போகுது. பெயின்ட் செத்துப்போயிடும்."

நாற்காலியில் பேப்பரோடு இருந்த அப்பா தலையைத் தூக்கினார். "நான் ஏன் விக்கமாட்டேன்?"

"வித்துடுவீங்களா?"

அப்பா பேப்பரைத் திருப்பினார்.

இப்போது அம்மா ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். "ரூஃப்ல நுரையே தெரியலையே?"

"தேய்ச்சிட்டிருப்பாரும்மா."

"நீ போயி ஒரு மக்கு நல்ல தண்ணி எடுத்து பானெட்ல ஊத்து. தண்ணி முத்து முத்தா நின்னா பழைய வாக்ஸ் இன்னும் இருக்குன்னு அர்த்தம். படுதா மாதிரி விரிஞ்சு வடிஞ்சா போயிடுச்சு. பழசு இருந்தா புதுசு ஒட்டாது. பார்த்துட்டு வந்து சொல்லு."

வாளி வைத்த இடத்திலேயே இருந்தது. நுரை அமுங்கி, மேலே ஆடை போல ஒரு படலம் மட்டும் மிதந்தது. ஸ்பான்ஜ் காய்ந்து கிடந்தது. அப்பா ஒரு பழைய பனியனால் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் பானெட்டில் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் உடைந்தது. சின்னதும் பெரியதுமாகத் துளிகள் அங்கங்கே எழும்பி நின்றன, ஒன்றையொன்று தேடி ஓடின, சேர்ந்து உருண்டு விழுந்தன.

"சோப்பே போடலையாப்பா?"

"போட்டா போயிடும்."

"போகணும்னுதானே அம்மா சொல்றா."

அப்பா பனியனைப் பிழிந்தார். பிழிய ஒன்றும் இல்லாத பிறகும் பிழிந்தார். "இது அவ போட்டது. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி. நான்தான் டப்பாவைப் பிடிச்சிக்கிட்டு கூடவே சுத்தினேன். ஸ்பான்ஜெல்லாம் வேணாம், கைச்சூட்லதான் நல்லா இறங்கும்னு வெறும் கையாலயே போட்டா. இந்த வண்டி முழுக்க அவ கை பட்டிருக்கு."

"அது ரெண்டு மாசம்தான் தாங்கும்பா. இந்நேரம் பாதி போயிருக்கும்."

"மீதிப் பாதி இருக்குல்ல?"

அப்பா ஒரு வருட டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தார். "மேலயே போட்டுடறேன். ஒட்டினா ஒட்டட்டும், ஒட்டாட்டி போகட்டும். அவ பார்க்கறதுக்கு வெள்ளையா தெரிஞ்சா போதும். கேட்டா, கழுவியாச்சு, தண்ணி விரிஞ்சுதுன்னு சொல்லிடு."

"நானா?"

"என்னால அவகிட்ட சொல்ல முடியாது. என் மூஞ்சியப் பார்த்தாலே தெரிஞ்சுடும்."

மகள் பக்கவாசலுக்கும் முன்னறைக்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்றாள். அம்மா கேட்டது இது ஒன்றுதான். கடைசியாக என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பாவும் இது ஒன்றைத்தான் கேட்கிறார். இருவரும் ஒரே காரை இரண்டு பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"விரிஞ்சுதா?" என்றாள் அம்மா.

"விரிஞ்சுதும்மா."

"பானெட்லயா?"

"எல்லா இடத்துலயும்."

அம்மா அவளைப் பார்த்தாள். மகள் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

"எத்தனை பேருக்கு வண்டி சொல்லிக்கொடுத்திருக்கேன்," என்றாள் அம்மா மெதுவாக. "தப்பு பண்ணிட்டவ முதல்ல கண்ணாடியைப் பார்க்கமாட்டா. நிமிந்து பாருடி."

மகள் நிமிர்ந்தாள்.

"கழுவலைல்ல?"

அம்மாவின் வயிறு குலுங்கியது. சிரிப்புதான். அது இருமலாக மாறி, நர்ஸ் எழுந்து முதுகைத் தாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அடங்கியதும் அம்மா தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

"மண்டு மனுஷன்," என்றாள்.

"போயி கழுவச் சொல்லட்டுமாம்மா?"

"வேணாம்." காரின் கூரையைப் பார்த்தபடி, "மெல்லிசா போடச் சொல்லு. தடியா அப்பினா காஞ்சப்புறம் துடைக்க வராது. கை கழண்டு போகும். அவ்வளவுதான்" என்றாள். பிறகு, "எனக்குத் தெரியும்னு சொல்லிடாத. பாவம். வாழ்க்கையில ஒரு பொய்யாவது ஒழுங்கா சொன்னோம்னு இருக்கட்டும்."

மெல்லிசா என்று சொல்வதற்காகத்தான் மகள் வெளியே போனாள். அப்பா காரின் கூரையை முடித்துவிட்டுப் பானெட்டுக்கு வந்திருந்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அப்பியிருந்தார். ஸ்பான்ஜைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் உள்ளங்கையால், வட்டம் வட்டமாக, மிகவும் மெதுவாகப் பூசிக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. எண்ணுகிறாரா, பேசுகிறாரா என்று தெரியவில்லை. நீலம் வெள்ளைக்குள் போய்க்கொண்டே இருந்தது, மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி. அவரை அப்போது கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. இந்த வட்டம் முடியட்டும் என்று காத்திருந்தாள். அது முடிந்து அடுத்தது தொடங்கியது.

"அக்கா," என்று நர்ஸ் ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை.

அப்பாதான் முதலில் ஓடினார். முன்னறைக்குள் வந்தவர் கட்டிலுக்கு ஓர் அடி முன்னால் நின்றுவிட்டார். இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளையாக இருந்தன. அவற்றை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, எங்கே துடைப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். நர்ஸ் ஒரு துண்டைத் தேடி எடுத்து நீட்டினாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து முடித்தபோது அம்மாவின் மூச்சு நின்றிருந்தது. முகம் ஜன்னல் பக்கமாகத் திரும்பியிருந்தது. மகள்தான் அம்மாவின் கண்களை மூடினாள்.

பிறகு வீட்டில் ஆட்கள் நிறைந்தார்கள். அம்மாவிடம் ஓட்டக் கற்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி தன் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். யாரோ நாற்காலிகள் கொண்டுவந்தார்கள். அப்பா பக்கவாசல் படியில் உட்கார்ந்திருந்தார். மகள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"என்னைக்கும் அவகிட்ட நான் பொய் சொன்னதில்லை," என்றார். "போயும் போயும் இன்னிக்குச் சொல்லியிருக்கேன். அதுவும் உன்னை விட்டு."

மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லாதே என்று அம்மா சொன்னது காதில் இருந்தது. அப்பாவின் நகக்கண்களில் வெள்ளை காய்ந்து வெடித்திருந்தது.

"அவளுக்குத் தெரியும்பா."

அவர் திரும்பினார். "எப்போ?"

"நான் சொன்ன உடனேயே."

"கோபப்பட்டாளா?"

"சிரிச்சா."

அப்பா தண்ணீரை எடுத்தார், குடிக்காமல் மறுபடி வைத்தார். "என்ன சொன்னா?"

"மெல்லிசா போடச் சொன்னா."

அவர் காரைப் பார்த்தார். வெயில் இப்போது சுவரைத் தாண்டிப் பானெட்டின் மேல் ஏறியிருந்தது. மெழுகு பாளமாக உறைந்திருந்தது. "தடியால்ல போட்டுட்டேன்," என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் முதல்முறையாக உடைந்தது.

எதிர்வீட்டுத் தையல்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "சார், அமரர் வேன் வந்துட்டிருக்கு. உள்ள வரணும்னா இந்த வண்டியைக் கொஞ்சம் ரோட்டுக்கு எடுக்கணும்."

மகள் சாவிக்காக எழுந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணாத," என்றார் அப்பா. "தள்ளிக்கலாம்."

அவள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை விட்டாள். கண்ணாடியில் பின்னால் ரோட்டைப் பார்த்தாள். பிறகு முன்னால் பார்த்தாள். அப்பா குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் பானெட்டில் ஊன்றியிருந்தார். தையல்காரர் ஓரமாக ஒரு கை கொடுத்தார். கார் முதலில் அசையவில்லை. பிறகு சக்கரங்களுக்குக் கீழே மணல் நெரிபடும் சத்தம் கேட்டது. அப்பாவின் கைகள் மெழுகில் வழுக்கி, விரல்களுக்கு நடுவே கருநீலம் கோடு கோடாகத் திறந்துகொண்டு வந்தது. அவர் முகம் முன்கண்ணாடிக்கு மிக அருகில் இருந்தது. இவளை அவர் பார்க்கவில்லை.

கார் ரோட்டோரம் வந்து நின்றது. அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். தெருமுனையில் வேன் திரும்பிக்கொண்டிருந்தது.

"போதும் சார். வந்துடுச்சு," என்றார் தையல்காரர்.

அப்பா தள்ளிக்கொண்டே இருந்தார்.