மேல் வீட்டுத் தூக்கம்

சீனு வேலையை விட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. தெருவுக்கு அது தெரியாது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் அந்தச் சந்து முழுக்க, அவன் இன்னும் கால் சென்டரில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

முப்பத்தைந்து வயதில் ஒருவன் வேலையை விட்டுவிட்டு வட்டியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று சொல்ல அவன் அம்மா ஜகதாம்பாளுக்கு வாய் வரவில்லை. "இப்ப வீட்லயே கம்ப்யூட்டர் குடுத்துட்டாங்க. ராத்திரி இங்கயே உக்காந்து பண்றான்" என்று சொல்லிவைத்தாள். சொன்னதோடு நிற்கவில்லை. அவன் அறை டியூப் லைட்டை விடிய விடிய எரியவிட்டாள். கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு அவன் நன்றாகவே தூங்கினான். பகல்தான் சிரமம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தூங்குகிறவனாகக் கிடக்க வேண்டும்.

கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தான். பாங்க் டெபாசிட், போஸ்ட் ஆபீஸ் மாத வருமானம், கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட், அப்பா கட்டிய வீட்டின் கீழ் போர்ஷன் வாடகை. வட்டி விகிதம் குறைந்துவிட்ட அந்த வருடத்திலும், கல்யாணம் செய்துகொள்ளாவிட்டால் போதும் என்று வந்தது. அதில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. பெங்களூரில் வாடகைக்கு வருகிறவர்கள் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கீழ் வீட்டு ரத்தினம்மாள் கொடுத்த அட்வான்ஸையும் அவன் தன் டெபாசிட்டில் போட்டு, தன் பணமாகவே எண்ணிவந்தான். அவள் காலி செய்வாள் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

ரத்தினம்மாள் ஜாக்கெட் தைக்கிறவள். புருஷன் இல்லை. மோட்டார் வைத்த தையல் மெஷின். ஓடினால் மேல் வீட்டுத் தரை அதிரும். அவன் நிஜமாகவே ராத்திரி வேலை பார்த்த காலத்தில், ஒரு பகல், சிவந்த கண்ணோடு கீழே போய் "அக்கா, கொஞ்சம் சத்தம்..." என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து அவள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் மெஷினைத் தொட்டாள். பகலில் கொக்கி, ஹெம்மிங், கைவேலை. அவன் வேலையை விட்ட பிறகும் அப்படியே நடந்தது. அமைதியான வீடு என்று அவன் சந்தோஷப்பட்டுக்கொண்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை மூடிய ஜன்னலுக்குக் கீழே சண்டை கேட்டது. ரத்தினம்மாளின் பழைய கஸ்டமர் ஃபாத்திமா.

"நாளைக்கு நிக்காஹ். ஜாக்கெட்டுக்கு இன்னும் கைகூட வெக்கல நீ."

"மெதுவா பேசு ஃபாத்திமா. மேல தம்பி தூங்குது."

"தூங்கட்டுமே. அவரு தூங்கறாருன்னு என் அக்கா பொண்ணு துண்ட போர்த்திக்கினு உக்காரணுமா?"

"அஞ்சு மணி ஆவட்டும், முடிச்சிடறேன்."

"அஞ்சு மணிக்கு கரண்ட் போவும். போன தடவயும் இதே பேஜாரு. குடு துணிய, நான் கம்மனஹள்ளில பாத்துக்கறேன்."

கேட் சாத்தும் சத்தம் கேட்கவில்லை. ரத்தினம்மாள் அதையும் கையால் பிடித்து மெதுவாகச் சாத்தியிருப்பாள்.

சீனு எழுந்து அம்மாவிடம் போனான். "சொல்லிடலாம்மா."

"என்னன்னு? என் புள்ள தண்டச்சோறுன்னா? மெஷின் ஓட்டாதன்னு நானா சொன்னேன்? வாய மூடிக்கினு போய்ப் படு."

அவன் போய்ப் படுத்தான்.

மாதக் கடைசியில், ஒரு மத்தியானம், ரத்தினம்மாள் மேலே வந்தாள். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, படியில் காலை ஊன்றாமல் ஏறி வந்து, வாசலில் நின்று ரகசியம் போலப் பேசினாள்.

"ஒன்னாம் தேதி காலி பண்ணிக்கிறேன் அக்கா. சந்தாபுராவுல நாத்தனார் ஊட்டுப் பக்கத்துல ரூம் இருக்குது. இங்க கஸ்டமர் யாரும் நிக்கல. வாடகைக்கே பத்தல. தம்பிய எழுப்பாதீங்க. எழுந்ததும் அட்வான்ஸ மட்டும் ஞாபகப்படுத்துங்க."

கதவுக்குப் பின்னால் நின்ற சீனுவுக்கு அவள் பிழைப்பு முதலில் ஞாபகத்துக்கு வரவில்லை. டெபாசிட்தான் வந்தது. இப்போது உடைத்தால் கணக்கு நிற்காது. அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது. எது முதலில் வந்தது என்பது அவனுக்கே தெரிந்துதான் இருந்தது. கதவைத் திறந்தான்.

"அய்யோ, எழுப்பிட்டனா?"

"நான் தூங்கலக்கா. வேலைய எப்பவோ விட்டுட்டேன். நீங்க பகல் முழுக்க மெஷின் ஓட்டலாம். காலி பண்ண வேணாம்."

ரத்தினம்மாள் சிரித்தாள். "பாருங்கக்கா உங்க புள்ள மனச. நான் போவக்கூடாதுன்னு பொய் சொல்லுது. விடிய விடிய லைட்டு எரியறத நான் பாக்கலயா? வேணாம் தம்பி, என்னால உன் ஒடம்பு கெட வேணாம்."

"அதானே" என்றாள் ஜகதாம்பாள்.

அங்கேயே விட்டிருந்தால் அவன் நல்லவனாகவே இருந்திருக்கலாம். கொஞ்ச நேரம் அந்த நல்ல பெயரோடு நின்றும் பார்த்தான். பிறகு சொன்னான்: "லைட்ட அம்மா போடறாங்க. நான் கண்ணுல துண்டு கட்டிக்கினு தூங்கறேன்."

ரத்தினம்மாள் ஜகதாம்பாளைப் பார்த்தாள். ஜகதாம்பாள் சுவரைப் பார்த்தாள். அது போதுமாக இருந்தது.

"அப்ப சாப்பாட்டுக்கு?"

"வட்டி வருது. உங்க வாடகை வருது."

"நான் வாயில துணிய அடச்சிக்கினு இருமினேன்" என்றாள் ரத்தினம்மாள். குரலில் கோபம்கூட இல்லை. பிறகு கேட்டாள்: "இப்ப என்னை இருக்கச் சொல்றது எதுக்கு? எனக்காவவா, அட்வான்ஸுக்காவவா?"

"ரெண்டுக்கும்."

எது முதலில் என்று அவள் கேட்கவில்லை. "ஒன்னாம் தேதி காலி பண்றேன். பணம் ரெடி பண்ணி வெச்சுடுங்க சார்."

அதுவரை அவள் அவனை சார் என்று கூப்பிட்டதில்லை.

மறுநாள் காலை டெபாசிட்டை உடைக்க பாங்குக்குக் கிளம்பினான். அந்த நேரத்தில் தெருவில் நடந்து வெகுநாள் ஆகியிருந்தது. வெயிலில் கண் கூசியது. எதிர் வீட்டு மௌரீன் ஆன்ட்டி காம்பவுண்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்னடா சீனு, தூங்கல?"

"வேலைய விட்டுட்டேன் ஆன்ட்டி."

"ஜீசஸ்! எப்ப தூக்கினாங்க?"

"தூக்கல, நானே விட்டேன். சேத்து வெச்ச பணம் இருக்குது, வட்டியில..."

"ஆமாண்டா, எங்க தம்பியும் அப்டிதான் சொல்லிக்கினு இருந்தான்." ஈரக் கையால் அவன் தோளைத் தட்டினாள். "கவலப்படாத, உன்னை பிரேயர்ல வெக்கறேன். எதுக்குடா தூக்கினாங்க?"

விளக்க வாயெடுத்தான். விளக்கினால் ரத்தினம்மாள் ஏன் போகிறாள் என்பது வரைக்கும் சொல்ல வேண்டியிருக்கும். வேலையை விட்டுத் துரத்தப்பட்டவன் என்ற பெயர் அதைவிட எவ்வளவோ பரவாயில்லை.

"ஆள் குறைச்சாங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு நடந்தான்.