கணவாய்க்கு முள் இல்லை, ஓடு

ஒரே ஒரு மதிப்பெண். மீன்வளத் துறை ஆய்வக உதவியாளர் தேர்வில் அந்த ஒன்றில்தான் என்னைக் கவிழ்த்திருந்தார்கள். வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. மறுபடி எழுத வழியில்லை.

கேள்வி இதுதான்: பின்வருவனவற்றுள் மெல்லுடலி எது? நட்சத்திர மீன், ஜெல்லி மீன், கணவாய் மீன், இவற்றுள் எதுவுமில்லை. நான் கணவாயைக் குறித்தேன். விடைக்குறிப்பில் ‘எதுவுமில்லை’ என்று போட்டிருந்தது. பன்னிரண்டு வருடமாகக் காலையில் சந்தையில் மீன் வெட்டுகிறேன், மாலையில் படிக்கிறேன். கத்தியும் புத்தகமும் ஒன்றையேதான் சொல்லின.

“விடுங்க அண்ணி, ஆபீஸ்காரங்ககிட்ட மல்லுக்கு நிக்க முடியுமா?” என்றாள் பக்கத்துக் கடை வைத்திருக்கும் என் நாத்தனார். நான் பெரிய கணவாய் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தேர்வுப் பிரிவு அதிகாரி என் மனுவைப் பிரிக்கக்கூட இல்லை.

“பேர்லயே மீன்னு இருக்கேம்மா. அப்புறம் எப்படி மெல்லுடலி?”

“பேர் வச்சது நாம சார். நட்சத்திர மீன் மட்டும் மீனா? நத்தை, சிப்பி, கணவாய் மூணும் ஒரே தொகுதி. நத்தைக்கு வயித்துக்கடியில இருக்கற காலு, இதுக்குத் தலையில கையா முளைச்சிருக்கு. அதான் தலைக்காலின்னு பேரு.”

“நத்தைக்கு ஓடு இருக்கு, சிப்பிக்கு இருக்கு. இதுக்கு எங்க இருக்கு?”

கேட்டாரே ஒரு கேள்வி! பையைப் பிரித்து, கணவாயை அவர் மேசையில் போட்டு, முதுகுத் தோலை நகத்தால் கீறி அழுத்தினேன். உள்ளங்கை நீளத்துக்கு வெள்ளை ஓடு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

“உள்ள இருக்கு சார். சந்தையில மீனுக்குள்ள இருக்கறதை முள்ளுன்னு சொல்வோம், இதை மட்டும் ஓடுன்னு சொல்வோம். எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் அப்படித்தான் சொல்வாங்க.”

அவர் அதைத் தட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“சரி, அடுத்த வருஷம் திருத்திடலாம். வந்ததுதான் வந்தே, இதைச் சுத்தம் பண்ணிக் குடுத்துட்டுப் போ. வீட்டுக்கு ஆகும்.”

மீன் வெட்டுவதில் எனக்கு வெட்கமில்லை. தேர்வெழுதிய ஒருத்தி எதிரில் நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லையே, அதுதான் பொறுக்கவில்லை.

“முதல்ல விடையைத் திருத்துங்க!” என்று கத்தினேன். மனுவோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

“எனக்கும் அந்தக் கேள்விதான் போச்சு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “எனக்கும்” என்றது இன்னொன்று.

அதிகாரியின் முகம் சுண்டிப்போனது. விடையை அடித்துத் திருத்தினார், கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார். நகலை வாங்கி நான் இரண்டு முறை படித்தேன்.

“இப்பவாவது சுத்தம் பண்ணித் தருவியா?” என்றார் மனுஷன்.

கணவாயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஓட்டை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினேன்.

“எங்க இருக்குன்னு கேட்டீங்களே. வச்சுக்கோங்க.”