ஆட்சேபணை இல்லாதவர்கள்

நாற்பத்து மூன்று கடிதங்களுக்கும் முதல் குற்றவாளி நான்தான். ரமணாசிரமத்துக்குப் பின்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு ஹெல்கா ஜெர்மனியிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. இந்தியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் அரசுக்கு எழுதலாம் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. எழுதாமல் இருந்தாலே சம்மதம் என்று பொருள். ஆனால் பத்திரிகை வைத்தும் கல்யாணத்துக்குப் போகாதது போல ஆகிவிடுமோ என்று பயந்து, பூக்கடை முதல் ஆட்டோ ஸ்டாண்டு வரை எல்லோரும் 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிப் போட்டார்கள். பாதியை நானே பெருமையாக டைப் செய்து கொடுத்தேன்.

ஆதரவாகவே இருந்தாலும், கடிதம் வந்தால் விசாரிக்க வேண்டுமாம். ஃபைல் அப்படியே நின்றுவிட்டது. ஹெல்காவின் விசா மாசியோடு முடிகிறது, இந்தத் தடவை நீட்டிப்பது சந்தேகம் என்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி சுந்தரேஷ் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு கடிதத்தில் மட்டும் நிமிர்ந்தார். ஹெல்காவின் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் எழுதியது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தவள்; ஹெல்காவுக்குத் தமிழ் வந்ததே இவளால்தான். ஹெல்கா வாழைப்பழம் போட்டுக் குரங்குகளைப் பழக்கியதால் மாடியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைக்க முடியவில்லை, மற்றபடி ஆட்சேபணை இல்லை என்றிருந்தது. அவளைக் கூப்பிட்டனுப்பி, இத்தனை வருடம் இதை ஏன் ஹெல்காவிடமே சொல்லவில்லை என்று கேட்டார்.

"எப்டி சார் சொல்றது? நான் வாயத் தொறந்தா தெருவே கூடிடும். அது போலீசு வரைக்கும் போயி, வெளிநாட்டுக்காரின்னு இவள அனுப்பிட்டா? அந்த பயத்துலதான் இருபது வருசமா வாய மூடிக்கினு இருக்கேன். சீக்கிரம் நம்ம ஆளாக்கிடுங்க சார். ஒரு தபா நல்லா சண்ட போடணும்."

சுந்தரேஷ் அந்தக் கடிதத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். பிறகு அறிக்கையை எழுத ஆரம்பித்தார்.

தை இரண்டாம் வாரம், பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, அரசியலமைப்புச் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டு ஹெல்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். சான்றிதழைப் பார்த்ததும் நான் அழுதுவிட்டேன். பூக்கடைக்காரர் மாலையோடு ஓடி வந்தார். அவருக்கு முன்னால், குரங்கு கடித்துப்போட்ட கடலைத் தோலை முறம் நிறைய வாரிக்கொண்டு கன்னியம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"ஏண்டி எல்கா, என் மல்லாட்டைக்கு பதில் சொல்லிட்டு உள்ள போ."

ஹெல்கா சான்றிதழை என்னிடம் கொடுத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"மூடாம காயவெச்சது யாரு தப்புடி?" என்று அசல் கீழ்பென்னாத்தூர் பேச்சில் ஆரம்பித்தார். தெரு கூடிவிட்டது. மாலையைப் போட இடைவெளி கிடைக்காமல் பூக்கடைக்காரர் நின்றுகொண்டேயிருந்தார். மதில்மேல் ஒரு குரங்கு, மாலையில் இருந்த ரோஜாவை மெதுவாகப் பிய்த்துத் தின்றது.