சிந்தாத கதவு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே யார்டில் பக்கிரிசாமி கைவைத்த வேகன் வழியில் நின்றதாகச் சரித்திரம் கிடையாது. இதை ஊர் சொல்லிக் கேட்டவர்களைவிட அவர் வாயாலேயே கேட்டவர்கள்தான் அதிகம். இருந்தாலும் பொய் இல்லை. இருபத்திரண்டு வருஷ ஃபிட்டர். நட்டு முறுக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வார். கோபம் வந்தால் ஆளைத் திட்டமாட்டார், சுத்தியலைத் திட்டுவார். வெள்ளைக்காரன் இருந்தபோதும் அப்படித்தான், ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்து ஒன்றரை வருஷம் ஆன பிறகும் அப்படித்தான்.

அந்த மனுஷன் நாற்பத்து மூன்றாம் வருஷம் ஒரு வாரம் முழுக்கச் சோறு இறங்காமல் கிடந்தார். சோறு என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். யார் வீட்டில் சோறு இருந்தது? மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அதுவும் இறங்கவில்லை. அவர் மச்சினன் கன்னையாவின் பெயர் சயாமுக்குப் போகிறவர்கள் பட்டியலில் ஏறிவிட்டது.

சயாமில் ஜப்பான்காரன் காட்டை வெட்டி ரயில் பாதை போடுகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று மாத வேலை என்று சொல்லி லோரியில் ஏற்றுவான். ஏறியவர்களில் ஒருத்தன் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. கன்னையாவுக்கு இருபத்தேழு வயது. பக்கிரிசாமியின் கேங்கிலேயே ரிவிட் அடிக்கிறவன், வாய் ஓயாமல் சிரிக்கிறவன். தாய் இல்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் அவன் அக்காள் சீதாலெட்சுமி, பக்கிரிசாமியின் மனைவி. "என் தம்பிய எப்படியாச்சும் நிப்பாட்டுங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்கப்புறம் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த நேரத்தில்தான் கதவு விவகாரம் வந்தது.

கல்கத்தாவிலிருந்து கோணிச் சாக்கு வருவது நின்று போயிருந்தது. அதனால் சயாம் அரிசியை வேகனுக்குள் மண்ணைக் கொட்டுவதுபோல் வெறுமனே கொட்டி அனுப்பினார்கள். மூட்டைக்காகச் செய்த இழுப்புக் கதவு கொட்டிய அரிசிக்கு எப்படிக் காவல் இருக்கும்? கீழே ஒரு விரல் கடை இடைவெளி. வண்டி ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் அரிசி சலசலவென்று வெளியே ஓடும். பத்து தீகா, பாடாங் ஜாவா, கிள்ளான் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தண்டவாளம் நெடுக வெள்ளைக் கோடு. ஒரு வேகனுக்கு இரண்டு மூட்டை போய்விடுகிறது என்று கணக்குப் பார்த்த ஒனிஷி என்ற அதிகாரிக்கு ரத்தம் கொதித்தது.

அவர் பக்கிரிசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒனிஷி பேசுவது அரைகுறை மலாய். பக்கத்தில் ஆபீஸ் கணக்கெழுதும் இராமலிங்கம் கிராணி நின்று அதைத் தமிழாக்கினார்.

"சிந்தாத கதவு ஒண்ணு செய்யணுமாம்ப்பா. நெம்புகோலு ஒண்ணு வச்சு, ஒரே இழுப்புல தொறக்கணுமாம். வியாழக்கிழமை கிள்ளான்ல பரீட்சை. ஒரு கைப்பிடிக்கு மேல கீழ விழக்கூடாது."

"செய்யலாம்," என்றார் பக்கிரிசாமி. பிறகு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, "ஆனா என் ஆறு ஆளும் எனக்கு வேணும். கன்னையா இல்லாம ரிவிட் வேலை நடக்காதுன்னு சொல்லுங்க" என்றார்.

கிராணி அதை மலாயில் சொன்னார். ஒனிஷி எழுந்து பக்கிரிசாமியின் அருகே வந்தார். அடிப்பார் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். அவர் அடிக்கவில்லை. கதவு சரியாக வந்தால் மீதிப் பதினொரு வேகனுக்கும் கதவு செய்ய அந்த ஆறு பேரும் இங்கேயே இருக்கட்டும், கன்னையாவின் பெயரை அடித்துவிடுகிறேன். வராவிட்டால் சனிக்கிழமை காலையில் அவன் லோரி ஏறுவான் என்றார். அவ்வளவுதான் பேச்சு.

நாலே நாள். சும்மா சொல்லக்கூடாது, பக்கிரிசாமி செய்த கதவு கதவுதான். வேகன் வாசலின் இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டிய இரும்புக் காடி வைத்து, அதற்குள் இறுக்கமாகப் பலகைகளை இறக்கினார். அடியில் மட்டும் ஒரு முழ உயரத்துக்குத் தகடு. வெளியே இருக்கிற நெம்புகோலைக் கீழே அழுத்தினால் தகடு காடிக்குள் வழுக்கிக்கொண்டு மேலே போகும். அரிசி தானாகக் கூடைக்குள் கொட்டும். விட்டால் தகடு இறங்கி மூடிக்கொள்ளும். புதன்கிழமை சாயந்திரம் மணலை நிரப்பி இழுத்துப் பார்த்தார்கள். ஒரு பொட்டு மணல் கசியவில்லை. "மாமா, இது வழியா எறும்புகூட டிக்கெட் எடுத்துட்டுத்தான் வரணும் லா!" என்று கன்னையா கத்தினான். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் சிரித்தான்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினார்களா?

புதுசாக எது செய்தாலும் பட்டை போட்டுப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்காமல் ஷெட்டை விட்டு வெளியே அனுப்பிப் பழக்கமில்லை. லாந்தர் விளக்குக்குக்கூட வைத்திருக்கிறார்கள்; கன்னையாவின் உயிரையே சுமந்துகொண்டு போகிற கதவுக்கு வைக்காமலா? ஆனால் அந்தப் பஞ்சத்தில் விபூதிக்கும் சந்தனத்துக்கும் எங்கே போவது? சீதாலெட்சுமி மரவள்ளி மாவைக் கரைத்துக் கொடுத்தாள். அது இரும்பில் ஒட்டாமல் வழிந்தது. உடனே அடுப்பில் வைத்துக் கிளறிக் கூழாக்கிக் கொண்டுவந்தாள். இப்போது நன்றாக ஒட்டியது. கன்னையா பக்தி முற்றிப்போய் இந்தக் காடியிலிருந்து அந்தக் காடி வரைக்கும் தகட்டின் மேல் மூன்று பட்டை இழுத்தான். "இன்னும் கொஞ்சம் அழுத்திப் பூசுடா" என்று சொன்னது வேறு யார்? நம்ம பக்கிரிசாமிதான். அரிசியை நிரப்பினார்கள், கும்பிட்டார்கள், வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் கிள்ளான் ஸ்டேஷனில் சரக்கு இறக்கும் கிட்டங்கிப் பக்கம் வேகன் வந்து நின்றது. ஒனிஷி, கிராணி, பக்கிரிசாமி, கன்னையா நாலு பேரும் கார்டு பெட்டியில் வந்திருந்தார்கள். பக்கிரிசாமி குதித்து இறங்கி வேகனுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒரு மணி அரிசி இல்லை. பெருமையில் நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்தபோதுதான் எதிரே இருந்தவர்களைப் பார்த்தார்.

பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஆளுக்கொரு துடைப்பம், ஆளுக்கொரு தகர டப்பா. சிந்துகிற அரிசியைக் கல்லும் கரியுமாகக் கூட்டி அள்ளிப் புடைத்துக் கஞ்சி காய்ச்சுகிறவர்கள். இந்த வேகன் இன்னாருக்கு என்று துடைப்பத்தைத் தண்டவாளத்து ஓரமாகப் போட்டு இடம் பிடித்து வைப்பது அவர்கள் வழக்கம். இந்த வேகனுக்கு நேராகக் கிடந்த துடைப்பத்துக்குச் சொந்தக்காரி ஜெய்னம்பு. ஸ்டேஷன் வாசலில் வறுத்த சோளத்தை இடித்துக் காப்பி என்று சொல்லி விற்கிறவள். மூன்று பிள்ளைகளுக்குத் தாய். அவள் சுத்தமான தரையைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். பக்கிரிசாமி தலையைத் திருப்பிக்கொண்டார்.

"புக்கா!" என்றார் ஒனிஷி. திற.

பக்கிரிசாமி நெம்புகோலை அழுத்தினார். அசையவில்லை. கன்னையாவும் சேர்ந்து தொங்கினான். ம்ஹூம். அரிசி இறக்கக் காத்திருந்த கூடைக்காரர்கள் இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். கோல் வளைந்ததே தவிரத் தகடு இம்மியும் நகரவில்லை. ஒனிஷி முகம் சிவந்தது. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "கால் மணி நேரம்தானாம்" என்றார் கிராணி.

பக்கிரிசாமி மண்டியிட்டுக் காடிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். வெள்ளையாக, கொம்பு மாதிரி இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார். மரவள்ளி! பசை! கூழ் உள்ளே வழிந்து, ராத்திரி முழுக்க உறைந்து, காலை வெயிலில் காய்ந்து தகட்டையும் காடியையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. அடப்பாவிகளா, நாமே பூசினோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். சுத்தியலால் அடித்தால் தகடு நெளியும்; நெளிந்தால் பரீட்சை போச்சு.

கொதிக்கிற தண்ணீர் வேண்டும். உடனே வேண்டும். எஞ்சின் கழன்று போய்விட்டது; அங்கே எரிந்துகொண்டிருந்தது ஜெய்னம்புவின் காப்பி அடுப்பு ஒன்றுதான்.

அவர் அடுப்புக்குத் திரும்பியிருந்த ஜெய்னம்புவிடம் ஓடினார். "தங்கச்சி, ஒரு கெட்டில் வெந்நி குடும்மா. பசை ஒட்டிக்கிச்சு. அவசரம்."

"குடுக்காதேடி ஜெய்னம்பு" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. "அது தொறக்கலேன்னா ஜப்பான்காரன் அந்தக் கதவத் தூக்கிப் போட்ருவான். பழைய கதவே வரும்."

ஜெய்னம்பு கெட்டிலின் பிடியில் துணியைச் சுற்றியபடி நின்றாள். "அண்ணே, நெசத்தச் சொல்லுங்க. இது தொறந்துக்கிச்சுன்னா எல்லா வேகனுக்கும் இதே கதவுதானா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் டப்பாவைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"ஆமாம்மா. பன்னண்டு வேகனுக்கும்."

"அப்பறம் ஒண்ணும் சிந்தாது?"

"சிந்தாது."

"தொறக்கலேன்னா?"

அவர் கன்னையாவைக் கையால் காட்டினார். "என் மச்சினன். நாளான்னைக்கு சயாம் லோரி."

ஜெய்னம்பு கன்னையாவைப் பார்த்தாள். அவன் நெம்புகோலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான், விட்டால் விழுந்துவிடுகிறவன் போல. அவள் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வேகனைப் பார்த்து நடந்தாள்.

"குடும்மா, நான் ஊத்திக்கிறேன்."

"நீங்க ஊத்துனா அரிசி நனைஞ்சு போவும். தள்ளிக்கங்க. ஊத்துறது என் தொழிலு."

கெட்டில் மூக்கு வழியாக நூல் பிடித்தாற்போல் ஊற்றினாள். ஒரு காடி, பிறகு மறு காடி. ஒரு சொட்டு பலகைப் பக்கம் போகவில்லை. ஆவி முகத்தில் அடித்தது, அவள் கண்ணைக்கூட மூடவில்லை. வெள்ளைப் பசை இளகி வழிந்தது. ஒரு கெட்டில் தீர்ந்தது, ஓடிப்போய் இன்னொன்று கொண்டுவந்தாள். அதுவும் பாதியானபோது பக்கிரிசாமி பல்லைக் கடித்துக்கொண்டு கோலை அழுத்தினார். தகடு கிரீச்சென்று கத்திவிட்டு மேலே போயிற்று.

அரிசி கொட்டியது. கூடை கூடையாகக் கொட்டியது. கோலை விட்டதும் பட்டென்று நின்றது. ஒனிஷி குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். ஏழோ எட்டோ மணி. "பாகுஸ்," என்றார். நல்லது. சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து, சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துக் கிராணியிடம் நீட்டினார். கிராணி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கன்னையா அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பக்கிரிசாமிக்கு உயிர் போய் உயிர் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சீதாலெட்சுமியிடம் எப்போது சொல்வோம் என்றிருந்தது. சுத்தியலை எடுத்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

பெண்கள் ஒவ்வொருவராகத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தியும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் காலிக் கெட்டிலை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார். ஜெய்னம்பு விறகை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு கெட்டில் தண்ணீரும் போய்விட்டதால் அன்றைய காப்பி வியாபாரமும் போச்சு.

"எதுக்கும்மா ஊத்துனே?" என்று கேட்டார். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"எங்க வூட்டுக்காரரு ஜபருல்லாவ பாசார்லேர்ந்து லோரில ஏத்துனாங்க. எட்டு மாசமாச்சு. நா பக்கத்துலயேதான் நின்னேன், அண்ணே. அன்னைக்கு எங்கையில ஒண்ணும் இல்ல. இன்னைக்கு வெந்நி இருந்துச்சு." அவள் விறகை ஊதினாள்.

பக்கிரிசாமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, இன்னும் பதினோரு கதவு இருக்கு. எங்கையாலதான் செய்யப் போறேன். அடியில ஒரு விரல் எடம் விட்டுர்றேன். யாருக்குத் தெரியப் போவுது?"

ஜெய்னம்பு சட்டென்று எழுந்தாள். அதுவரைக்கும் வராத கோபம் அப்போது வந்தது.

"விடாதீங்க! கேக்குதா? ஒரு நெல்லு மூக்கு அளவுக்குக்கூட விடாதீங்க. அந்த ஆளு தரையத் தடவித் தடவிப் பாக்குறான். புடிச்சான்னா அந்தப் புள்ள பேரு திரும்ப ஏறும். அப்பறம் நா எதுக்கு ஊத்துனேன்? என் புள்ளைங்க கஞ்சிய எதுக்குக் குடுத்தேன்?"

பக்கிரிசாமிக்குக் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கவும் தோன்றவில்லை.

"நல்லாச் செய்ங்க, அண்ணே," என்றாள் அவள். கையை நீட்டி அவரிடமிருந்து கெட்டிலை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

பதினொரு கதவும் அப்படித்தான் செய்தார். ஒன்றும் சிந்தவில்லை.